முதுகுப்பையில் என்ன சாப்பாடு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் வடசென்னையில் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பக்கத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர். மாதத்தில் ஒரு சனி ஞாயிறு எங்காவது மலை ஏறப் போவோம். தடா, பர்வதமலை, சீசனில் வெள்ளியங்கிரி. புதிதாகச் சேருகிறவர்கள் ஷூவைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் சாப்பாட்டைப் பற்றிப் பத்துக் கேள்வி கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் மொத்தமாக எழுதிவிட்டேன். ஒரு நாள், இரண்டு நாள் நடைக்குத்தான் இந்தப் பதில்கள். பத்து நாள் இமயமலைப் பயணம் வேறு கதை.

சுருக்கமாகச் சொல்லுங்கள், எதை எடுத்துக்கொண்டு போவது?

முதல் நாள் மதியம் வரைக்கும் ஈரமான சாப்பாடு. அதற்கப்புறம் காய்ந்த சாப்பாடு. வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

ஈரம் இரண்டு பக்கமும் அடிக்கும். முதலில் எடை. வடித்த சோற்றில் மூன்றில் இரண்டு பங்கு வெறும் தண்ணீர்தான். 100 கிராம் சோற்றில் சுமார் 130 கலோரி. அதே 100 கிராம் வேர்க்கடலையில் சுமார் 570. ஆயிரம் கலோரி வேண்டுமென்றால் சோறாக முக்கால் கிலோவுக்கு மேல் சுமக்க வேண்டும், கடலையாக 175 கிராம் போதும். அடுத்தது கெட்டுப்போவது. கிருமி வளரத் தண்ணீர் வேண்டும். அவலும் முறுக்கும் வாரக்கணக்கில் கிடப்பதும், தக்காளி சாதம் மத்தியானமே ஊசிப்போவதும் அதனால்தான்.

அப்போ முழுக்கக் காய்ந்ததாகவே எடுத்துப் போய்விட்டால் என்ன என்று கேட்பீர்கள். போகலாம். ஆனால் வெயிலில் நான்கு மணி நேரம் ஏறியபிறகு பொட்டுக்கடலையை மென்றுகொண்டிருந்தால் அழுகை வரும். சோறு தின்று வளர்ந்த வயிறு ஒரு வேளையாவது சோறு கேட்கும்.

புளியோதரை எத்தனை மணி நேரம் தாங்கும்?

இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நன்றாகச் செய்தால் பகல் முழுக்க நிற்கும். ஆனால் நாங்கள் விடிகாலை 4 மணிக்குக் கிளறியதை மதியம் 1 மணிக்குள் முடித்துவிடுவோம். மீந்தால் ராத்திரிக்கு என்று வைப்பதில்லை.

சோறு ஆறின மாதிரி இருக்கும், ஆறியிருக்காது. அங்கேதான் தப்பு நடக்கிறது. அரிசியில் இயல்பாகவே ஒருவகை பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும், பேசில்லஸ் சீரியஸ் என்று பெயர். கொதிநீரில்கூட அவை சாகாது. வெந்த சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் முளைத்துப் பெருகி விஷத்தைக் கக்கும். அதில் வாந்தியை உண்டாக்கும் விஷம், மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. அதனால் டப்பாவில் அடைப்பதற்கு முன் சோறு நன்றாக ஆறியிருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் அம்மா செய்வதைச் சொல்கிறேன். புளிக்காய்ச்சல் முந்தின நாள் ராத்திரியே ரெடியாகிவிடும். எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும் வரை அடுப்பை விட்டு நகரமாட்டார். சோற்றைக் கொஞ்சம் விறைப்பாக வடித்து, பெரிய தாம்பாளத்தில் கொட்டி, நல்லெண்ணெய் விட்டு, விரலால் மெல்லப் பரப்பி, ஃபேனுக்கு அடியில் வைப்பார். புறங்கையைச் சோற்றின் மேல் வைத்துப் பார்ப்பார். சூடு தட்டினால் இன்னும் கொஞ்ச நேரம். பீச் ஸ்டேஷன் ரயிலுக்கு நேரமாச்சு என்று நான் கத்தினாலும் அசையமாட்டார். நன்றாக ஆறியபிறகுதான் புளிக்காய்ச்சல் கலக்கப்படும். புளியின் புளிப்பும் எண்ணெயும் சேர்ந்துதான் அதைக் காப்பாற்றுகின்றன. வெங்காயம், தேங்காய், பச்சைக் கொத்தமல்லி எதுவும் அதில் சேரக்கூடாது.

இதைக் கேட்காமல் நான் பட்ட பேஜாரையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மே மாதம், தடா அருவிக்குப் போகும்போது, அவசரத்தில் சூடான தக்காளி சாதத்தை அப்படியே எவர்சில்வர் டப்பாவில் அழுத்தி மூடிவிட்டேன். பதினொன்றரை மணிக்கு ஓடைக்கரையில் உட்கார்ந்து மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று வெளியே வந்தது. சோறு நூல் விட்டது. நான்கு பேர் சாப்பாடு அது. அன்றைக்கு நான்கு பேரும் இரண்டு பாக்கெட் பிஸ்கட்டில் ஓட்டினோம். பிஸ்கட் கொண்டுவந்தவரை இன்றுவரை யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை.

தயிர் சாதம்?

பாலில் பிசைந்து ஒரு ஸ்பூன் தயிர் விட்டால் மதியத்துக்குள் தானே தோய்ந்துவிடும் என்ற பழைய வித்தை ரயில் பயணத்துக்குச் சரி. வெயிலில் முதுகில் குலுங்கிக்கொண்டே போகும் பைக்குச் சரிப்படாது. புளித்துப் பொங்கி, பை முழுக்கக் கலீஜாகிவிடும். எங்கள் கூட்டத்தில் தடை.

காலை நாஸ்தாவுக்கு?

மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. பொடியை நல்லெண்ணெயில் குழைத்து இரண்டு பக்கமும் தடவி, இலையில் மடித்து, ரயிலிலேயே முடித்துவிடுங்கள். தேங்காய்ச் சட்னி வீட்டோடு இருக்கட்டும். கொருக்குப்பேட்டையில் சூலூர்பேட்டை லோக்கல் பிடித்தால், கும்மிடிப்பூண்டி தாண்டுவதற்குள் எங்கள் பையில் இட்லி இருந்த தடம்கூட இருக்காது.

ராத்திரிக்கும் மறுநாளுக்கும் என்ன? கணக்குப் போட்டுச் சொல்லுங்கள்.

ஒரு ராத்திரி தங்கி ஞாயிறு சாயங்காலம் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். நான் எனக்கு எடுப்பது இதுதான். இட்லியும் புளியோதரையும் சேர்ந்து 600 கிராம், அது சனிக்கிழமை மதியத்தோடு காலி. அதற்குமேல் பையில் இருப்பது: ராத்திரிக்கு ஆறு தேப்லா (குஜராத்திச் சப்பாத்தி), 240 கிராம் வரும். தொட்டுக்கொள்ளத் தக்காளித் தொக்கு 50 கிராம். ஞாயிறு காலைக்கு அவல் 100 கிராம், பொட்டுக்கடலை 50, நாட்டுச்சர்க்கரை 30. அவலும் சர்க்கரையும் பொட்டுக்கடலையும் ஒரே பையில் கலந்தே போகும், தண்ணீர் தெளித்துப் பிசைந்தால் நாஸ்தா. மதியத்துக்குப் பொருள்விளங்கா உருண்டை நான்கு, 160 கிராம். இடையிடையே கொறிக்கக் கடலை மிட்டாய் 100 கிராம், பேரீச்சம்பழம் 100 கிராம். கூட்டினால் 830 கிராம், ஏறக்குறைய 3000 கலோரி. சனி மதியத்திலிருந்து ஞாயிறு சாயங்காலம் வரை இது போதும். கொஞ்சம் மீந்தும் வரும்.

தடித்த அவல் ஊற 20 நிமிடம் ஆகும், மெல்லிசு அவல் 5 நிமிடத்தில் குழைந்துவிடும். மலைக்கு மெல்லிசு வாங்குங்கள். தொக்கு விஷயத்தில், எண்ணெய் கக்கும்வரை சுண்டியதாக இருக்க வேண்டும். தளதளவென்று இருந்தால் அது தொக்கு இல்லை, சட்னி.

உங்கள் கணக்கு கூடலாம், குறையலாம். முதல்முறை போகிறவர்கள் எல்லோரும் இரண்டு மடங்கு கட்டிக்கொண்டு வந்து, பாதியைத் திருப்பி வீட்டுக்குத் தூக்கி வருகிறார்கள். பயம்தான் காரணம். போன தடவை மீந்தது எவ்வளவு என்று வீட்டுக்கு வந்ததும் எடை போட்டு எழுதி வையுங்கள், மூன்றாவது பயணத்தில் உங்கள் அளவு தெரிந்துவிடும்.

பொருள்விளங்கா உருண்டையா? அது பாட்டி காலத்துப் பண்டமாயிற்றே?

ஆமாம், அதைத்தான் சொல்கிறேன். அரிசியையும் பாசிப்பருப்பையும் வறுத்து அரைத்து, சுக்கு, ஏலம், வறுத்த தேங்காய்ப் பல் சேர்த்து, கெட்டி வெல்லப்பாகில் பிடிப்பது. ஆறியதும் கல் மாதிரி ஆகிவிடும். பர்வதமலை உச்சியில் ஒருமுறை நிஜமாகவே உருண்டையைத் துணியில் சுற்றிப் பாறையில் வைத்து இன்னொரு கல்லால் தட்டினோம். நான்காக உடைந்தது. ஒரு துண்டை வாயில் ஒதுக்கிக்கொண்டால் அரைமணி நேரம் கரைந்துகொண்டே இருக்கும், நடந்துகொண்டே சாப்பிடலாம். மாவும் பருப்பும் வெல்லமும் ஒரே உருண்டையில், ஈரம் சுத்தமாக இல்லை. கடைகளில் விற்கும் எனர்ஜி பார் இதைவிட என்ன பெரிதாகச் செய்துவிடுகிறது என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

பல் ஆடுகிறவர்கள் எள்ளுருண்டைக்கு மாறிக்கொள்ளுங்கள்.

வடசென்னையில் இதெல்லாம் எங்கே வாங்குவது?

மிண்ட் தெருவும் சவுகார்பேட்டையும் இருக்கும்போது நமக்கென்ன கவலை? குஜராத்தி, மார்வாடிக் குடும்பங்கள் தலைமுறையாக இருக்கும் இடம். வெந்தயக்கீரை போட்ட தேப்லா, அப்பளம் மாதிரி சுட்டு எடுத்த காக்ரா, எல்லாமே தொலைதூரப் பயணத்துக்கென்றே அவர்கள் வீடுகளில் செய்யப்படுபவை. தேப்லாவை ரொம்ப நாள் தாங்கும் என்று கடைக்காரர் சொன்னாலும், சென்னைப் புழுக்கத்தில் இரண்டு நாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காக்ரா காய்ந்தது, அது நாள்கணக்கில் நிற்கும், ஆனால் பையில் நொறுங்கும். பேரீச்சை, முந்திரி, திராட்சைக்குக் கோவிந்தப்ப நாயக்கன் தெரு. கொத்தவால்சாவடியிலிருந்து காய்கறிக் கடைகள் 1996இல் கோயம்பேட்டுக்குப் போய்விட்டன, மளிகை மொத்தக் கடைகள் இன்னும் அந்தப் பக்கம்தான். மண்ணடி மெட்ரோவில் இறங்கினால் எல்லாமே நடை தூரம்.

அவல், பொட்டுக்கடலை, வெல்லம் எல்லாம் தெருமுனை மளிகையிலேயே கிடைக்கும். கடலை மிட்டாய்க்குக் கோவில்பட்டி, 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. டீக்கடைப் பொறையையும் மறந்துவிடாதீர்கள். எடை கிடையாது, ஈரம் கிடையாது, டீயில் முக்கினால் ஒரு வேளையே ஓடிவிடும்.

அடுப்பு எடுத்துப் போய்ச் சூடாகச் சமைத்துக்கொள்ளலாமே?

கூடாது. ரயிலில் போகிறவர் என்றால் இன்னும் கூடாது. கேஸ் சிலிண்டர், அது கையடக்க டப்பாவாக இருந்தாலும், ரயிலில் கொண்டுபோவது ரயில்வே சட்டத்தின் 164ஆம் பிரிவின்படி குற்றம். மூன்று வருடம் வரை சிறை அல்லது அபராதம், இரண்டும்கூட சேர்ந்து வரலாம். 2023 ஆகஸ்டில் மதுரையில் சுற்றுலா ரயில் பெட்டிக்குள் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்த சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள்.

காட்டுக்குள் நெருப்பு வேறு விஷயம். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத் தீயில் மலையேறப் போனவர்கள் சிக்கி இறந்த பிறகு தமிழ்நாட்டில் மலையேற்ற விதிகள் இறுகிவிட்டன. இப்போது வனத்துறையே 2024 முதல் 40 பாதைகளில் பதிவு வைத்து வழிகாட்டியோடு அழைத்துப்போகிறது. அடுப்பு மூட்டலாமா என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள், அவர்கள் பார்க்கும் பார்வையே பதில். சருகு காய்ந்த மாசி, பங்குனியில் ஒரு பொறி போதும்.

அதனால்தான் மேலே சொன்ன பட்டியலில் சமைக்க வேண்டியது ஒன்றுமே இல்லை.

மேகி?

அடுப்பில்லாமல் எப்படி? பாக்கெட்டைப் பிரிக்காமலேயே நொறுக்கி, மசாலா தூவிப் பச்சையாகத் தின்பவர் ஒருவர் எங்களிடம் இருக்கிறார். அவரை உதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

டீ இல்லாமல் முடியாதே.

கீழே ஊரில் கடையில் குடித்துவிட்டு ஏறுங்கள். முடியாதவர்கள் அரை லிட்டர் ஃபிளாஸ்கில் பால் சேர்க்காத சுக்கு டீ. பால் சேர்த்தால் ராத்திரிக்குள் திரிந்துபோகும். ஃபிளாஸ்க் எடையை நீங்களேதான் சுமக்க வேண்டும், அடுத்தவர் பையில் தள்ளக்கூடாது. இதில் சண்டையே நடந்திருக்கிறது.

கருவாடு எடுத்துக்கொள்ளலாமா? காய்ந்ததுதானே!

காசிமேட்டு ஆட்கள் கேட்காமல் விடமாட்டார்கள் என்று தெரியும். கணக்குப்படி அருமையான பண்டம். ஈரம் இல்லை, எடை இல்லை, புரதம் கொட்டிக்கிடக்கிறது. வறுத்த நெத்திலிப் பொடியைத் தேப்லாவில் தூவிச் சாப்பிட்டால் நான் சொல்லவே வேண்டாம்.

ஆனால் வாசனை. உங்களுக்குப் பசியைக் கிளப்பும் அதே வாசனை கரடிக்கும் காட்டுப்பன்றிக்கும் கிளப்பும். தலைமாட்டில் கருவாட்டுப் பையை வைத்துக்கொண்டு கூடாரத்தில் தூங்குவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். உப்பும் கூட, தண்ணீர்த் தாகம் எடுக்கும். ரயிலில் முடித்துவிடலாமா என்றால், பெட்டியில் மற்றவர்களும் இருக்கிறார்கள். வெள்ளியங்கிரி, பர்வதமலை மாதிரிக் கோயில் மலைகளுக்கு அசைவமே வேண்டாம், அங்கே வருகிறவர்கள் விரதத்தில் வருகிறார்கள். ஆக, வீட்டில் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

வேகவைத்த முட்டை?

ஓடு உரிக்காமல், முதல் வேளைக்கு மட்டும். மதியம் வரை வைக்காதீர்கள். ஓட்டைத் திருப்பிக் கொண்டுவந்துவிடுங்கள்.

தண்ணீர் எவ்வளவு?

ஒரு லிட்டர் ஒரு கிலோ, அதில் பேரமே கிடையாது. வெயிலில் ஏறும்போது மணிக்கு அரை லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாள் ஒன்றுக்கு ஆளுக்கு 3 லிட்டர். வழியில் ஓடை இருக்கிறதா, அந்த மாதத்தில் அதில் தண்ணீர் ஓடுமா என்று முன்பே விசாரித்துக்கொண்டால் எல்லாவற்றையும் சுமக்க வேண்டியதில்லை.

ஓடைத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தாலும் மேலே மாடு குளித்திருக்கலாம். மெல்லிய துணியில் வடிகட்டி, குளோரின் மாத்திரை போட்டு, அரைமணி நேரம் காத்திருந்து குடியுங்கள். மழை வெள்ளத்தின்போது நம் பகுதியில் குடிநீர் வாரியம் கொடுப்பது மாதிரியான மாத்திரைதான், மருந்துக்கடையிலும் கிடைக்கும். அட்டையில் எத்தனை லிட்டருக்கு ஒன்று என்று போட்டிருக்கும், படித்துவிட்டுப் போடுங்கள். 20 லிட்டர் மாத்திரையை ஒரு லிட்டர் பாட்டிலில் போட்டுவிட்டு நீச்சல் குளத்தைக் குடித்த மாதிரி ஒருவர் முழித்தது நினைவிருக்கிறது.

வியர்வையில் உப்பும் போகும். ஆளுக்கு இரண்டு ஓ.ஆர்.எஸ். பாக்கெட். பெரிய பாக்கெட் சரியாக ஒரு லிட்டருக்கு, கெட்டியாகக் கரைத்தால் சீக்கிரம் குணமாகும் என்பது பொய், வயிற்றைத்தான் கெடுக்கும். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி.

எனக்குச் சர்க்கரை இருக்கிறது. நான் வரலாமா?

வாருங்கள், ஆனால் முதலில் டாக்டரிடம். வழக்கமான மாத்திரை அளவோடு திடீரென்று ஏழு மணி நேரம் மலை ஏறினால் சர்க்கரை இறங்கிவிடும். அன்றைக்கு மருந்தைக் குறைக்கணுமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். உங்கள் பையில் வேர்க்கடலை, வறுத்த கொண்டைக்கடலை, காக்ரா அதிகமாகவும் உருண்டை, மிட்டாய் குறைவாகவும் இருக்கட்டும். ஆனால் சட்டைப் பையில் குளுக்கோஸ் கட்டாயம். கை நடுங்கி, வியர்த்து, கண் இருட்டினால் 15 கிராம் குளுக்கோஸ் அல்லது மூன்று டீஸ்பூன் சர்க்கரை, உட்கார்ந்து 15 நிமிடம் காத்திருந்து, தெளியவில்லையென்றால் மறுபடியும். கூட வருகிற ஒருவருக்காவது உங்களுக்குச் சர்க்கரை என்று சொல்லி வையுங்கள். வெட்கப்பட்டு மறைத்த பெரியவர் ஒருவரை நாங்கள் தாங்கிப் பிடித்துக்கொண்டு இறக்கியிருக்கிறோம்.

எதில் கட்டுவது?

கடலோரத்தில் இருக்கிறோம். நம் வீட்டு உப்புக்காற்றில் முறுக்கு ஒரு ராத்திரி திறந்து கிடந்தால் நமுத்துவிடும். காய்ந்த பண்டங்களை முந்தின நாளே இறுக்கமான மூடி டப்பாவிலோ திரும்பத் திரும்பப் பயன்படும் ஜிப் பையிலோ போட்டுவிடுங்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடை. வெள்ளியங்கிரி அடிவாரத்தில் பையைத் திறந்தே பார்ப்பார்கள்.

சோற்றுக்கு வாழையிலை. அப்படியே மடித்தால் நரம்போடு கிழியும். அடுப்புத் தணலில் பின்பக்கத்தை ஒருமுறை காட்டுங்கள், பச்சை கறுத்து இலை துணி மாதிரி துவளும். அதில் கட்டினால் சோற்றுக்கும் ஒரு மணம் ஏறும். சாப்பிட்டபின் இலையும் பையில்தான் திரும்பி வர வேண்டும்.

பைக்குள் தண்ணீரும் கனமான டப்பாவும் முதுகையொட்டி நடுவில். அன்றைய மதியச் சாப்பாடு மேலே. துணிமணிக்கு அடியில் புளியோதரையைத் தேடுவது நல்ல பொழுதுபோக்கு இல்லை.

குரங்குக்கு மிச்சம் போடலாமா?

போடாதீர்கள். பர்வதமலைக் குரங்குகள் கையிலிருக்கும் கவரைப் பிடுங்குவதற்கு நம்மைப் போல வந்தவர்கள் கொடுத்த பயிற்சிதான் காரணம். நடக்கும்போது கையில் எதையும் தொங்கவிடாதீர்கள். ஆரஞ்சுத் தோலும் குப்பைதான், மாதக்கணக்கில் மக்காமல் கிடக்கும்.

ஆன்லைனில் தண்ணீர் ஊற்றினால் பிரியாணியாகும் பாக்கெட் விற்கிறார்களே?

சரக்கு மோசமில்லை. ஆனால் வெந்நீர் வேண்டும், விலையும் கூட. வீட்டில் ஒருமுறை செய்து பார்த்துப் பிடித்திருந்தால் வாங்குங்கள். எந்தப் புதுப் பண்டத்துக்கும் இதே விதி. ஒரு சனிக்கிழமை ராத்திரி மொட்டை மாடியில், கைவிளக்கில், ஆறிப்போனதாக அதைச் சாப்பிட்டுப் பாருங்கள். அங்கே இறங்காதது மலையில் இறங்காது.

திரும்பி வந்ததும் என்ன சாப்பிடுவீர்கள்?

அத்தோ. 1960களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்த பண்டம், பீச் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து ரோட்டைக் கடந்தால் தள்ளுவண்டிகள். நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர் எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள், பக்கத்தில் ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். முழுக்க முழுக்க ஈரம். ரயில் லேட்டானால் வண்டியைக் கட்டிவிடுவார்கள், அதனால் ஒரு உருண்டையை மட்டும் கடைசிவரை மிச்சம் வைத்திருப்பேன்.